பின்பக்கம் இல்லாத மனை

மயிலாத்தாள் வீட்டின் பின்பக்கத்தை நகராட்சி எடுத்துக்கொண்டது ஒரு புதன்கிழமை காலையில். ஆய்வாளர் அதைப் பாய் போலச் சுருட்டினார். துணிக்கொடி, சலவைக்கல், முருங்கை மரம் எல்லாம் உள்ளேயே போய்விட்டன. சுருட்டியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"மூலை மனைங்கம்மா. ரெண்டு பக்கமும் தெரு. அப்ப ரெண்டும் முன்பக்கம். பின்பக்கமே கெடையாதுங்க. இத்தன வருசம் நீங்க வெச்சிருந்ததே தப்பு."

"அங்கதானுங்க ஒரு ரூமு எடுக்கலாம்னு இருந்தோம்" என்றார் அவள் கணவர் நாச்சிமுத்து.

அறை அவர்கள் மகள் பிரவீணாவுக்கு. புருஷன் வீடு வேண்டாம் என்று மூன்று மாதத்துக்கு முன் வந்தவள் கூடத்தில் படுத்திருந்தாள். நாலு பேர் கண்ணில் படாமல் பின்னால் ஒரு அறை போட்டுவிடலாம் என்பது நாச்சிமுத்துவின் யோசனை. மயிலாத்தாளும் தலையாட்டினாள். ஆட்டிய நாளிலிருந்து அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல்.

கொஞ்சமாவது பின்பக்கம் மிச்சமிருக்கிறதா என்று இருவரும் வீட்டைச் சுற்றினார்கள். சமையலறையைத் தாண்டித் திரும்பினால் ஒரு வாசல், புதுக் கோலத்தோடு. இன்னொரு முறை திரும்பினால் இன்னொரு வாசல். அங்கே தபால்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, முதுகு அரிக்குது. எங்கேன்னு தெரியல" என்றார் நாச்சிமுத்து.

மயிலாத்தாள் அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் முகம்தான் இருந்தது.

"விதி குடும்பத் தலைவருக்கும் பொருந்துமுங்க" என்றார் ஆய்வாளர்.

"செரி. முன்னாடி எவ்வளவு எடம் விடோணும்?" என்றாள் மயிலாத்தாள்.

"தெருவுல இருந்து பத்தடிங்க. அந்தத் தெருவுக்கும் பத்தடி. முனையில குறுக்கா வெட்டோணும். வண்டி திருப்பறவங்களுக்குக் கண்ணு மறைக்கக்கூடாது."

எல்லாம் கழித்து அவர் சுண்ணாம்பில் கோடு போட்டார். உள்ளே ஒரு துணிப்பெட்டி வைக்க இடம் மிஞ்சியது.

"இதுல உங்க பொண்ணு நிக்கலாமுங்க. படுக்கறதுக்கு அனுமதி இல்லைங்க."

பிரவீணா வந்து கோட்டுக்குள் நின்றாள். தோளைக் குறுக்கிக் கையைக் கட்டிக்கொண்டாள். கச்சிதமாக இருந்தது.

"இது போதும்மா. அங்கயும் இவ்வளவுதான் இருந்துச்சு."

மயிலாத்தாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெளிய வா" என்றாள். பிறகு ஆய்வாளரிடம் திரும்பினாள். "வீடு தெருவ விட்டுத் தள்ளி இருக்கோணும். ஒத்துக்கறேன். தெரு வீட்ட விட்டுத் தள்ளிப் போகக்கூடாதுன்னு எங்கயாச்சும் சொல்லியிருக்குதுங்களா?"

அவர் விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "அப்படி ஒண்ணும் இல்லீங்க."

மயிலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். தெருவின் ஓரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பீரோ நகர்வதைப் போல அது கரகரவென்று நகர்ந்தது. பிரவீணாவும் வந்து தள்ளினாள். நாச்சிமுத்து முதுகு இல்லாததால் நெற்றியைக் கொடுத்துத் தள்ளினார். எதிர்வீட்டுக்காரர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். பிறகு அடுத்த தெருவையும் தள்ளினார்கள்.

"முனையில கண்ணு மறைக்குமுங்களே" என்றார் ஆய்வாளர், கடைசி முயற்சியாக.

"மறைக்காது. நாலு பக்கமும் சன்னல் வெக்கறேன். நல்லாப் பாத்துட்டுப் போகட்டும்."

மத்தியானத்துக்குள் அறை எழும்பிவிட்டது, இரண்டு தெருவும் சேரும் முனையிலேயே. பிரவீணா உள்ளே போனாள். எல்லாச் சன்னலையும் திறந்தாள். கட்டிலில் குறுக்காகப் படுத்துக் கையையும் காலையும் போன திசைக்கு விட்டாள்.

டவுன் பஸ் ஒன்று முனையில் வந்து நின்றது. மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்த்தது.

"யாருங்க அது, பட்டப்பகல்ல இப்படிப் படுத்திருக்கறது?" என்றார் டிரைவர்.

"என்ற மக. புருசன் வேண்டாம்னு வந்துட்டா. இனி இங்கதான் இருப்பா" என்றாள் மயிலாத்தாள், கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி. "தூங்கறா. ஹாரன் அடிக்காமப் போங்க."

டிரைவர் இன்ஜினை அணைத்தார். பயணிகள் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ்ஸை மெல்லத் தள்ளிப் போனார்கள்.