கரகரத்த கிற்றார்

சாவகச்சேரி மைதானத்தில் சனம் பொறுமையிழந்து விசிலடித்தது. மேடையில், நாற்பது வருடமாக ப்ளூஸ் ரொக் வாசிக்கும் லண்டன் கிற்றார்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

காரணம், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தர்சினி. கிழவருடைய கிற்றார் ஒலிக்கும் பெட்டி கரகரத்ததைக் கேட்டுப் பதறிப்போய், உள்ளே கிழிந்திருந்த ஸ்பீக்கரை வீசிவிட்டுப் புதியதைப் பூட்டியிருந்தாள். இப்போது கிற்றார் வீணை மாதிரி இனித்தது.

"அக்கா, அந்தக் கரகரப்பாலைதான் இவர் உலகமெல்லாம் பேரெடுத்தவர்!" என்று அலறினான் கிழவரின் வான் சாரதி ஹுஸைன்.

"உந்தச் சத்தத்தைக் கேட்டால் இனி ஆரடா என்னைக் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடுவினம்?"

"கேக்காட்டில் சனம் மேடையைப் பிரிச்சுப்போடும்!"

தர்சினி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்குறூ டிறைவரால் புது ஸ்பீக்கரில் ஒரே குத்து! கிற்றார் உறுமியது. கிழவர் துள்ளியெழுந்தார். மைதானமே ஆடியது.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே! ஒலிவாங்கியைப் பறித்தாள். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! தர்சினி சவுண்ட் சேர்விஸில் பழுது இல்லை!"

கிழவருக்கு அந்தத் தாளம் பிடித்துவிட்டது. "பலுது இல்லை!" என்று பாடினார்.

"பலுது இல்லை ஐயா, பழுது!" என்று திருத்தினாள் தர்சினி, ஒலிவாங்கியிலேயே.

"தர்சினி சவுண்ட்!" என்று உறுமினார் கிழவர்.

"பழுது!" என்றது மைதானம்.