மூன்றாவது மாடி

தேவசேனா பதினேழாவது படியை வரைந்துகொண்டிருந்தாள். ஏழரை அங்குலம் மேலே, பத்து அங்குலம் உள்ளே, என்டர். கம்ப்யூட்டர் திரையின் கறுப்பில் வெள்ளைக் கோடு ஒன்று மடங்கி நின்றது. பதினோரு வருஷம் சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கிய கை. மவுஸை இன்னமும் அழுத்தித்தான் பிடித்தாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து சந்தியா எட்டிப் பார்த்தாள். டிப்ளமோ படித்தவள். திருப்பதியில் அந்தக் கட்டட பிளான் ஆபீஸில் தேவசேனாவுக்கு ஆட்டோகேட் சொல்லிக் கொடுப்பவள்.

"இன்னாக்கா இது? கீழ்ப்படி எல்லாம் ஆறு அங்குலம், மேல்படி மட்டும் ஏழரை. ஒரு படி போட்டுட்டு மீதிய காப்பி பண்ணுன்னு எத்தினி தபா சொல்றது? ஒவ்வொண்ணா வரைஞ்சுக்கினு இருக்க."

"கட்னதே அப்படித்தான். மூணாவது மாடிக்குப் போற படி ஒயரம் ஜாஸ்தி. சட்டியத் தூக்கினு ஏறுனா முட்டில தெரியும்."

"கம்ப்யூட்டருக்கு முட்டி கெடையாதுக்கா," என்று சொல்லிவிட்டுச் சந்தியா தன் வேலைக்குத் திரும்பினாள்.

தெரிந்த கட்டடம் ஒன்றை வரைந்து பழகச் சொல்லியிருந்தார் எஞ்சினியர் சிரஞ்சீவி. தேவசேனாவுக்கு அடி முதல் உச்சி வரை தெரிந்தது ஒரு லாட்ஜ்தான். அவர் மேற்பார்வையில் கட்டியது. அவள் சித்தாள், புருஷன் சீனு கொத்தனார். அனுமதி இரண்டு மாடிக்கு, எழுப்பியது மூன்று. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கைப்பிடிச் சுவர் வைக்காத மூன்றாவது மாடி ஓரத்திலிருந்து சீனு விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கியது. பத்தே நாளில் அந்த மாடியை இடித்து, கம்பியை அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது போய்ப் பார்த்தால் இரண்டு மாடிதான்.

ஆஸ்பத்திரிக்கு சாத்துக்குடிப் பையோடு வந்தவர் சிரஞ்சீவி. "இன்டர், பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்கியேம்மா, வெயில்ல எதுக்குக் கஷ்டம்? என் ஆபீஸ்ல வந்து உக்காந்து ஆட்டோகேட் கத்துக்கோ," என்றார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த ரத்னம்மா, "தேவுடு மாதிரி மனுசன்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றிலிருந்து காலையில் தன் ஊர் பாகாலாவில் ரயிலேறி வருகிறாள். சாயங்கால ரயிலில் திரும்பி, சோறாக்கி, சீனுவைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகு துடைக்கிறாள். அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அழ வேண்டும் என்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிரஞ்சீவி ஒரு காகிதத்தோடு அவள் பின்னால் வந்து நின்றார். தொழிலாளர் ஆபீஸ் கடிதம். சீனு வேலை செய்யும்போது விழுந்தானா என்று விசாரிக்க, கட்டடத்தின் வரைபடம் கேட்டிருந்தார்கள். விழுந்தது அங்கேதான் என்று ஆபீசர் எழுதினால்தான் நஷ்டஈடு; அது வந்தால்தான் மேற்கொண்டு ஆபரேஷனுக்கு வழி.

சிரஞ்சீவி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பலே. செங்கல் எண்ணி வெச்ச மாதிரி வரைஞ்சிருக்க. இத்தயே குடுத்துடலாம். மேல ஒரு மாடிய மட்டும் எடுத்துடு."

தேவசேனா திரும்பவில்லை. "அவரு அங்கேர்ந்துதான் விழுந்தாரு சார்."

"நா இல்லன்னேனா? உன்ன பொய் வரையச் சொல்லலம்மா, தல்லி. இன்னிக்குப் போய்ப் பாரு, எத்தினி மாடி இருக்கு?"

"ரெண்டு."

"அவ்ளோதான். ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ இங்க டிராஃப்ட்ஸ்மேன். பர்மனென்ட். மூலைல உன் பேரப் போடு, மொதல் டிராயிங் இல்ல?"

சந்தியா கீபோர்டில் தட்டுவது நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

தேவசேனா மவுஸை இழுத்து மேல்மாடியைச் சுற்றிப் பெட்டி போட்டாள். சுவர்கள் புள்ளிக்கோடாயின. டெலீட். ஜன்னல்கள், டெலீட். தளம், டெலீட். பிரின்டரிலிருந்து தாள் வந்தது. சிரஞ்சீவி அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"படிய உட்டுட்டியே. ரெண்டாவது மாடிக்கு மேல எங்க போவுது இது, ஆகாசத்துக்கா?"

சந்தியா மெதுவாக, "பெட்டி போட்டு மொத்தமா எடுத்துடுக்கா," என்றாள்.

தேவசேனா பெட்டி போடவில்லை. மேலிருந்து ஒவ்வொரு படியாகத் தொட்டு எடுத்தாள். பதினேழு. பதினாறு. பதினைந்து. சிரஞ்சீவி கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிப் படி போனதும் மூலையில் தன் பேரை அடித்தாள்.

திங்கட்கிழமை விசாரணைக்கு, ஊன்றுகோலோடு சீனுவைக் கைத்தாங்கலாக ரயிலேற்றினாள். ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள்.

"படம் வெச்சினு கேப்பாங்களாமே. நீ வரைஞ்சதா தேவா?"

"ஆபீஸ்ல வரைஞ்சது."

"அப்ப எனக்கு ஈசிதான். நீ வரைஞ்சா கரீட்டா இருக்கும்." பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்தான். "நீ துன்னியா?"

"பசிக்கல."

தொழிலாளர் ஆபீஸில் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்; ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். லாட்ஜ் முதலாளியின் தரப்பு வக்கீல் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். ஆபீசர் நல்ல மாதிரி. சீனுவுக்கு நாற்காலி போடச் சொன்னார். தாளை மேஜையில் விரித்து, சுருண்ட மூலையில் பேப்பர்வெயிட்டை வைத்தார். லாட்ஜின் முன்பக்கம் பளிச்சென்று தெரிந்தது.

"எக்கட பட்டாவு பாபு? எங்கேர்ந்து விழுந்தே, இதுல கைய வெச்சுக் காட்டு. தெலுசா, புரியுதா?"

சீனு முன்னால் சாய்ந்தான். ஆள்காட்டி விரலை வாசல்படியில் வைத்து, முதல் மாடி ஜன்னல்களைத் தாண்டினான். இரண்டாவது மாடியையும் தாண்டினான். கட்டடத்தின் கடைசிக் கோட்டில் விரல் நின்றது. தாளை ஒரு தரம் தடவிப் பார்த்தான். பிறகு கோட்டுக்கு மேலே, வெறும் வெள்ளைக் காகிதத்தில் இரண்டு அங்குலம் ஏற்றி, அங்கே விரலை ஊன்றினான்.

"இங்க சார்."

"அங்க ஏமி லேதே, ஒண்ணும் இல்லியே," என்றார் ஆபீசர், பொறுமையாக. "சரியாப் பாத்து வெய்யி."

சீனு விரலை எடுக்கவில்லை. நகம் வெளுக்க, அந்த இடத்தையே அழுத்திக்கொண்டிருந்தான்.