திரேசம்மா பிடித்த வெள்ளைத் தாள்

ஞானேந்திரன் மாஸ்டருக்குத் தேங்காய்ப்பாலில் கிண்டுகிற தொதல் இனிப்பு என்றால் உயிர். மட்டக்களப்பில் கலியாண வீடுகளில் அவருக்கென்று தனியாக ஒரு துண்டு எடுத்து வைப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுசன் மொன்றியலில் ஆறு வருடமாகத் தொதலைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார் என்றால் சும்மாவா?

ஒவ்வொரு ஏப்ரல் பன்னிரண்டாம் திகதியும் திரேசம்மா கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெத்ரோவும் பஸ்ஸும் மாறி, ஒரு டப்பா தொதலோடு அவர் வீட்டு மாடிப்படி ஏறுவாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. லேசில் லீவு போடாதவள், அந்த ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கிவிடுவாள். அது அவளுடைய மகள் யோசெப்பினின் பிறந்தநாள்.

"நீங்க செஞ்ச உதவிய நான் செத்தாலும் மறக்க மாட்டன், மாஸ்டர். சாப்பிடுங்க."

மாஸ்டர் சாப்பிடுவார். சாப்பிடாமல் என்ன செய்வார்? செய்த உதவியின் இலட்சணம் அவருக்குத்தானே தெரியும்.

சங்கதி இதுதான். 2000-ஆம் ஆண்டு மூத்த மகன் றொபின்சன் தாயைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். சின்னவள் யோசெப்பினின் கடதாசிகள் சரிவரவில்லை. ஆறு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னதை நம்பி, திரேசம்மா பிள்ளையைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். மறு வருடம் வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று ஊரில் சண்டை பிடித்துக்கொண்டிருந்த இயக்கம் கேட்டு வந்தது. தங்கச்சி தன் வயிற்றில் பிறந்ததைக் கொடுப்பாளா, அக்காவின் பிள்ளையைக் கொடுப்பாளா? யோசெப்பினுக்கு அப்போது வயது பதினாலு.

சமாதான காலம் வந்து பாதைகள் திறந்தபோது ஒரு வழி பிறந்தது. வெளிநாட்டில் இயக்கத்துக்கு வேலை செய்கிற பெரிய மனிதர் யாராவது தன் பெயரில் இரண்டு வரி எழுதி, தாயின் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினால் சில பிள்ளைகளை வீட்டுக்கு விட்டார்கள். மொன்றியலில் அந்தப் பெரிய மனிதர் நம்முடைய மாஸ்டர்தான். கூட்டம் வைப்பது, மண்டபம் எடுப்பது, மேடையில் நின்று முழங்குவது எல்லாம் அவர். திரேசம்மா நாலு பக்கம் எழுதினாள். பிள்ளையை அடையாளம் காண வேண்டுமே என்று தன்னிடம் இருந்த ஒரே ஒரு படத்தையும் உள்ளே வைத்து அவர் கையில் கொடுத்தாள். பிரதி எடுத்து வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அசலைக் கண்டால்தான் மேலிடம் நம்பும் என்று நினைத்தாள், பாவம்.

மாஸ்டர் அதை அனுப்பவில்லை. அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பிள்ளையைத் திருப்பித் தா என்கிற கடிதத்தில் தன் பெயரைப் போட்டால் மேலிடம் தன்னை ஒருமாதிரிப் பார்க்கும் என்ற பயம். பேந்து பார்ப்பம் என்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். திரேசம்மா வந்து கேட்டபோது, "அனுப்பிட்டன், அக்கா" என்றார். அந்த ஒரு பொய்க்குத்தான் ஆறு வருடத் தொதல்.

2008-ல் அவள் வந்த அன்றைக்கு மாஸ்டரின் மகள் தனுஷிகா கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. அந்த வருடம் அவளும் கூட்டாளிகளும் ஒரே பைத்தியமாக இருந்தார்கள். உகாண்டாவில் கடத்திக்கொண்டு போய்த் துவக்குத் தூக்க வைத்த பிள்ளைகளைப் பற்றி எங்கோ சில மாணவர்கள் இருபது நிமிட வீடியோ ஒன்று எடுத்துப் போட்டிருந்தார்கள். பார்க்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் படத்தை அச்சடித்து, நெஞ்சுக்கு முன்னால் பிடித்து, தாங்களும் ஒரு வீடியோ எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பவேண்டும். பேஸ்புக்கைத் திறந்தால் அதுதான்.

"இது எந்த ஊர், மகள்?" என்று திரேசம்மா பின்னால் வந்து நின்றாள்.

"உகாண்டா, அன்ரி. ஆப்பிரிக்காவில. இவருக்குப் பன்னிரண்டு வயசுதான், பாருங்க."

திரேசம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் இருபது நிமிடமும் நின்றபடியே பார்த்தாள். ஏதேதோ நகரங்களில் ஆட்கள் அந்தப் படங்களைப் பிடித்தபடி நிற்பதோடு வீடியோ முடிந்தது.

"இந்தப் புள்ளையளுக்காகவா இவ்வளவு சனம் றோட்டில நிக்குது?"

"ஓம் அன்ரி, உலகம் முழுக்க."

"என்ர புள்ளைக்கு ஒருத்தரும் நிக்கல்லயே, மனே."

தனுஷிகா திரும்பிப் பார்த்தாள். யோசெப்பின் அக்கா ஊரில் காணாமல் போனவ என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எப்படிக் காணாமல் போனாள் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. திரேசம்மா கதிரையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "ஊரே வாயப் பொத்திட்டு இருக்கக்குள்ள எனக்கு உதவினது உன்ர அப்பா ஒராள்தான். அவர்தான் கடிதம் அனுப்பினவர்" என்றாள்.

அப்போது அந்தப் பெண் தகப்பனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பதினேழு வயது மகள் தகப்பனை அப்படிப் பார்ப்பது ஆயுளில் ஒரு தடவை வாய்த்தால் பெரிது. மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றார். அந்த நேரமாவது வாயைத் திறந்திருக்கலாம், பாவி மனுசன். தேத்தண்ணி ஆறுது என்று சொல்லிக் கோப்பையை நீட்டினார்.

தனுஷிகா அங்கேயே கமராவை எடுத்துவிட்டாள். "அக்காட படம் இருக்கா, அன்ரி?"

"கடிதத்தோட போயிட்டு, மகள். மிச்சப் படமெல்லாம் தங்கச்சி வீட்டில கிடந்தது. தங்கச்சியையும் வீட்டையும் சேத்துச் சுனாமில கடல் கொண்டு போயிட்டு."

 தனுஷிகா பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, "இதப் பிடியுங்க" என்றாள். திரேசம்மா வெறும் தாளை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தன் மகளின் கதையைச் சொன்னாள். மாஸ்டரின் பெயரையும் இரண்டு தடவை சொன்னாள்.

அவள் போன பிறகு மாஸ்டர் மகளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தனு, அதப் போடாத. பிரச்சினை வரும்."

"ஆப்பிரிக்காப் பிள்ளையள் எண்டா போடலாம், எங்கட பிள்ளையள் எண்டா போட ஏலாதா?"

"அதுக்கில்ல. அதில என்ர பேர் கிடக்கு..."

"அப்பா! நல்லது செய்துபோட்டு ஏன் ஒளிக்கிறீங்க?" என்று சிரித்து, அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் போட்டு ஏற்றிவிட்டாள்.

பிறகு நடந்ததை யார் எதிர்பார்த்தார்கள்? மற்றவர்கள் எல்லோரும் படத்தைப் பிடித்து நிற்க, ஒரு தாய் மட்டும் வெறும் தாளோடு நின்றது சனத்தின் மனதைப் பிடித்துவிட்டது. அந்த ஆப்பிரிக்க வீடியோக்காரர்களே அதைத் தங்கள் முதல் பக்கத்தில் போட்டார்கள். ஒரு கிழமையில் பத்தாயிரம் பேர் பார்த்தார்கள், மூன்றாம் கிழமை ஐம்பதாயிரம். இயக்கத்தோடு நின்ற இரண்டு பேர் போனில் ஏசினார்கள். மிச்ச ஊரெல்லாம் புகழ்ந்தது. ஜான்-டலோன் சந்தையில் மாஸ்டர் வேலை செய்கிற மரக்கறிக் கடைக்கு வந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி அவர் கையைப் பிடித்து மெர்சி, மெர்சி என்று நன்றி சொன்னாள். மனுசன் அன்றைக்கு எடைத் தராசைப் பிழையாகப் பார்த்து முதலாளியிடம் வாங்கிக் கட்டினார்.

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை திரேசம்மா மறுபடி படியேறி வந்தாள். கையில் தொதல். மே மாதத்தில் தொதல்!

"மாஸ்டர், சுவிசில இருந்து ஒரு புள்ள எழுதியிருக்கு. தனு, வாசிச்சுக் காட்டு மனே."

வீடியோவுக்குக் கீழே கௌசி என்ற ஒருத்தி தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். தனுஷிகா திக்கித் திக்கி வாசித்தாள். தன்னையும் 2001-ல் கொண்டு போனார்கள். இயக்கத்தில் வேறு பெயர். சொந்தப் பெயரைப் பிள்ளைகள் இரகசியமாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். முகாமில் இரண்டு யோசெப்பின் இருந்தார்கள், ஒரே வயது. ஒருத்திக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்து வீட்டுக்கு விட்டார்கள். இப்போது கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு வாழைச்சேனையில் இருப்பதாகக் கேள்வி. மற்றவள், இயக்கம் இரண்டாக உடைந்த 2004 சண்டையில் ஆற்றங்கரையில் செத்துப்போனாள். அன்ரியின் மகள் எவள் என்று படத்தைக் கண்டால் சொல்லுவேன்.

"படம் என்னத்துக்கு?" என்றாள் திரேசம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "கடிதம் வந்த புள்ளதான் என்ர புள்ள! நீங்க அனுப்பினீங்கதானே, மாஸ்டர்! தங்கச்சி வீடு கடலோட போனதில என்ர விலாசம் துலைஞ்சிருக்கும். அதான் என்னத் தேடிப் பிடிக்க ஏலாமப் போயிட்டு. றொபின்சன்ட சொல்லிட்டன், ஊருக்குப் போக ரிக்கற் போடச் சொல்லி. ரெண்டு பேரப்புள்ள, மாஸ்டர்! சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

தொதல் துண்டு மாஸ்டரின் கையிலேயே இருந்தது. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் அவருக்குத் தோன்றியது. இவ்வளவு சந்தோசமாக அவளை அவர் ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் அவள் போவாளே. வாழைச்சேனையில் யாரோ ஒருத்தியின் வீட்டுக் கதவைத் தட்டி, வேறொருத்தி வந்து திறக்க நிற்பாளே.  மாஸ்டர் எழுந்து அறைக்குள் போய் லாச்சியைத் திறந்தார்.

கடித உறையைக் கொண்டுவந்து தொதல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். திரேசம்மா குனிந்து பார்த்தாள்.

"இது என்ர எழுத்து. என்ன, திருப்பி அனுப்பிட்டாங்களா?"

பாருங்கள், அப்போதுகூட அவளுக்கு மாஸ்டர்மேல் சந்தேகம் வரவில்லை.

"இல்ல, அக்கா. நான் அனுப்பல்ல."

"அப்பா?" என்றாள் தனுஷிகா.

 திரேசம்மா உறையைக் கிழித்து, நாலு பக்கத்துக்குள்ளிருந்து படத்தை எடுத்தாள். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டி. ஆறு வருடம் இருட்டில் கிடந்ததால் துளியும் மங்காமல் இருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"இவட முகம் எனக்கு மறந்து போச்சு எண்டு பயந்துட்டிருந்தன். மறக்கல்ல" என்றாள். பிறகு, "இத ஏத்து, மகள்."

"அன்ரி, இப்ப வேணாம்..."

"ஏத்து."

அடுத்த நாள் காலையில் கௌசியின் பதில் வந்தது. "இவதான் அந்த மற்ற யோசெப்பின், எனக்குப் பக்கத்தில இருந்தவ. கடிதம் வந்ததா எண்டு கிழமைக்குக் கிழமை போய்க் கேப்பா. அம்மா கனடாவில இருக்கிறா, கட்டாயம் எழுதுவா எண்டு எங்களுக்குச் சொல்லுவா."

மாஸ்டர் அன்றைக்கே கோட்-டெ-நெய்ஜுக்கு ஓடினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை, வேறென்ன. திரேசம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஏசுங்க, அக்கா. ரெண்டு அடி அடியுங்க."

"ஏசினா உங்களுக்கு மனசு ஆறிரும், மாஸ்டர்" என்றாள் அவள். "நான் ஏச மாட்டன்." கதவு சாத்தப்பட்டது.

வீடியோவை அழித்துவிடுகிறேன் என்று தனுஷிகா அழுதபோது திரேசம்மா விடவில்லை. "அதிலதான் என்ர புள்ளைட பேர் கிடக்கு, எடுக்காத" என்றாள். அதனால் தனுஷிகா கீழே ஒரு வரி எழுதினாள், அந்தக் கடிதம் அனுப்பப்படவே இல்லை என்று. ஆனால் அதற்குள் வீடியோவை எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். அங்கெல்லாம் அந்த வரி இல்லை. தகப்பனோடு ஒரு மாதம் கதைக்காதிருந்த பிள்ளை, ஒருநாள் ஒரே ஒரு பேச்சுப் பேசியது. "இனி ஆராவது உங்களப் புகழ்ந்தா நீங்களே உண்மையச் சொல்லுங்க. ஒவ்வொரு ஆளுக்கும்."

ஆகஸ்டில், சந்தை நிறையத் தக்காளி வந்து குவிந்திருந்த ஒரு நாள், புரோசார்டிலிருந்து மரியதாசன் வந்தார். பெரிய எஞ்சினியர், ஊர்க்காரர். கண்டவுடன் மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நேத்துத்தான் அந்த வீடியோ பாத்தன். கண்ணீர் வந்திட்டு. அந்தக் காலத்தில அந்தக் கடிதத்த அனுப்ப எவ்வளவு துணிவு வேணும்!"

 மாஸ்டர் சொன்னார். "நான் அனுப்பல்ல. அது பொய்."

மரியதாசன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்துத் தோளில் தட்டினார்.

"செஞ்சவங்க ஒரு நாளும் செஞ்சன் எண்டு சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு எப்பவும் தன்னடக்கம்தான்."

"இல்லத் தம்பி, உண்மையாத்தான்..."

"சரி, சரி விடுங்க. நான் இருபது பேருக்கு அனுப்பியிருக்கன், மாஸ்டர். லண்டனுக்கும் அனுப்பினன்." மரியதாசன் பையை விரித்துப் பிடித்தார். "நல்ல பழமாப் பாத்து ரெண்டு கிலோ போடுங்க."

மாஸ்டர் குனிந்து தக்காளி பொறுக்கத் தொடங்கினார்.