அடியில் நின்றவர்

வத்தேகமைக்கு மேலே, ரபீகாவின் ஏலத் தோட்டத்தில் நீளமான பள்ளம் ஒன்று இருந்தது. வடக்குத் தெற்காகக் கிடந்ததால் யாரோ இறைநேசப் பெரியவரை அடக்கிய கப்ர் என்று ஊர் நம்பியது. மகன் ஆகிப் கட்டாருக்கு வேலைக்குப் போனதிலிருந்து ரபீகா வியாழன் மாலைகளில் அங்கே சாம்பிராணி போட்டு யாசீன் ஓதுவாள். ஓதி முடிந்ததும் வீட்டுக் கதையெல்லாம் அவரிடம் சொல்வாள். வேறு யாரிடமும் அவள் அவ்வளவு பேசுவதில்லை.

மலையில் கோப்பி பயிரிட்ட காலத்தில் வெள்ளைக்காரர்கள் காட்டு மரம் அறுக்கக் கொண்டுவந்த ஆட்கள் தங்கிய வாடிக் குடிசைகளைத் தேடி, பேராதனையிலிருந்து தொல்லியல் விரிவுரையாளர் றஜிதா வந்தாள். சில குடிசைகளின் தூண்கள் நின்ற இடங்கள் கிடைத்தன. மரம் உக்கிப்போய் மண் மட்டும் வட்டமாகக் கறுத்திருந்தது. வெயிலில் அந்த வட்டங்கள் மறைந்தன; தண்ணீர் தெளித்தால் மறுபடி வந்தன.

தோண்ட மிஞ்சியது பள்ளம். எலும்பு தெரிந்தால் உடனே மூடிவிட வேண்டும் என்று சொல்லித்தான் ரபீகா சம்மதித்தாள்.

எலும்பு வரவில்லை. ஆளுயரத்துக்குக் கீழே, செம்மையும் கறுப்புமாக, ஈரமான மெத்தைபோல ஒரு படிவு வந்தது. றஜிதா அதில் கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்கினாள். மரத்தூள்.

"இந்தப் பள்ளம் மரம் அரியிற கிடங்கு அக்கா. ஒராள் மேல நிப்பார், மற்றவர் கிடங்குக்குள்ள. நடுவில நீட்டு வாள். தூள் முழுக்கக் கீழ நிக்கிறவற்ற முகத்திலதான்."

ரபீகாவின் கணவர் நளீர் சிரித்தார். "என்னப் பத்தி சென்ன குறையெல்லாம் மரத்தூளுக்கா போச்சு?"

"ஒங்கள்ட்ட சென்னது மட்டும் எங்க போய்ச் சேந்திச்சு?"

சொல்லிவிட்டு ரபீகா ஏணியில் இறங்கினாள். உள்ளே நேற்று அறுத்த பலகைபோல மணந்தது. மேலே மரக்கிளைகள் ஒரு கீற்றாகத் தெரிந்தன. அந்தக் கீற்றின் வழியே மூடுபனி சத்தமில்லாமல் இறங்கி அவள் இமைகளில் படிந்தது. துடைக்காமல் நின்றாள்.

"அப்ப இதுக்குள்ள ஒருத்தரும் இல்லையா மிஸ்?"

"அடக்கம் செய்யேல்லை. ஆனா ஒராள் நிண்டவர். நீங்கள் நிக்கிற இடத்திலதான், மேல பாத்துக்கொண்டு."

"பேரு?"

"தெரியாது அக்கா."

"நம்மட ஆளா?"

"அதுவும் தெரியாது."



"பேரு எனக்கு எப்பவும் தெரியாதுதானே," என்றாள் ரபீகா.

"ஏறி வாங்க, குளிரு," என்றார் நளீர்.

"நீங்க போங்க. நான் வாரன்."

றஜிதா மண் தோண்டும் கரண்டியை வைத்துவிட்டு நளீரோடு வாடிப் பக்கம் நடந்தாள். பின்னால் கிடங்கிலிருந்து தாழ்ந்த குரல் கேட்டது. ஆகிபுக்கு இந்த முறையும் லீவு கிடைக்கவில்லை என்று ரபீகா சொல்லிக்கொண்டிருந்தாள்.