இந்த வருடம் அப்பா விட்டது

தையல்காரர் மாமா அப்பாவுக்குப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, மகள் கட்டிலடியில் மண்டியிட்டு மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு மாத்திரை எண்ணச் சொல்லித்தரவா வேண்டும்? ஆனாலும் இரண்டு முறை தப்பி, மூன்றாம் முறைதான் கணக்கு நின்றது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், ஒவ்வொரு வருடமும் அப்பா ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார். எதை என்று வாய் திறக்கமாட்டார். உயிர்ப்பு ஞாயிறுக்குள் அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருடம் சர்க்கரை, ஒரு வருடம் வானொலி, ஒரு வருடம் தலையணை. இந்தத் தடவை நான்கு வாரமாகியும் அவளுக்குப் பிடிபடவில்லை. விடையைச் சொல்லாமலே மனிதர் இன்று விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டார். அப்போதிலிருந்து ஒரே பயம்: இதய மாத்திரையை விட்டுத் தொலைத்திருப்பாரோ?

இல்லை. நேற்று வரை ஒரு வேளைகூடத் தப்பவில்லை. அவளுக்கு உயிர் வந்தது. கூடவே பழைய ஆவலும் வந்தது. அழுகிற நேரத்தில் இது தேவையா என்று தன்னையே கடிந்துகொண்டாள். கடிந்துகொண்டு என்ன, கேட்டுவிட்டாள்.

“பின்ன எதைத்தான் விட்டாரு மாமா?”

தமக்கென்ன தெரியும் என்றார் மாமா. இருபது வருடமாக மாலைதோறும் செஸ்ஸில் அப்பாவிடம் தோற்றவர், தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லையாம். தம் மூளைக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறது என்று எண்ணியிருந்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவரின் கை பித்தானில் நின்றது.

“அப்படின்னா... ஜெயிக்கறதை விட்டிருக்காரும்மா.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கும் மனிதர், இந்த நான்கு வாரமும் அவள் எதைச் சொன்னாலும் சரி என்றே தலையாட்டினார். கழுத்துப் பித்தானைப் போடுங்கள் என்று அவளும், மூச்சு முட்டுகிறது என்று அவரும் ஞாயிறுதோறும் போட்ட சண்டைகூட இல்லை, மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். அவளுக்கு அது வலித்தது. சண்டை போடக்கூட என்னைப் பிடிக்கவில்லையா என்று போன வாரம் கேட்டே விட்டாள். அவர் சிரித்தார். அவ்வளவுதான்.

மாமா கடைசிப் பித்தானுக்கு வந்திருந்தார். “இதையும் போட்டுடவா?”

“வேண்டாம் மாமா. அப்பா சொன்னதுதான் சரி.”

எழுந்து வந்து, சட்டைக் கழுத்தை இரண்டு பக்கமும் தளர்த்திவிட்டாள்.