சனிக்கிழமை ஆறு முதல் பத்து வரை

கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே அவள் அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். "அங்க என்னைப் பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா."

அப்பா அதே கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக எலக்ட்ரீஷியன். மாணவர்கள் வைத்த பேர் ஃபியூஸ். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வராந்தாவில் வந்தால், "ஃபியூஸ் வருது, வழி விடுங்கடா" என்று நேற்றுச் சேர்ந்த பொடியன்கூடக் குரல் கொடுப்பான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மகள் கேட்டதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா" என்றார், அவ்வளவுதான். மூன்று வருஷமாக அவள் எதிரே வரும்போதெல்லாம் சுவரில் வயர் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன். அதற்காக அவரை மெச்சுவதா, போட்டு உலுக்குவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்றாம் மாடிக் கோடியில் இருந்த கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் லேப், இளநிலை மாணவர்களுக்கு ஏணி வைத்தாலும் எட்டாத இடம். இன்னும் பிறக்காத சிப் எப்படி இருக்க வேண்டும் என்று இன்றைக்கே மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். பேராசிரியர் வருஷத்துக்கு ஒரே ஒரு இளநிலை மாணவரைத்தான் எடுப்பார். அவர் கையெழுத்தோடு ஒரு சிபாரிசுக் கடிதம் இருந்தால் மேற்படிப்புக்கு எந்தக் கதவும் திறக்கும். இல்லாவிட்டால் கிடைத்த வேலைக்குப் போய்க் காலத்தை ஓட்ட வேண்டியதுதான். அவள் எழுதிய நான்கு மின்னஞ்சல்கள் கிணற்றில் போட்ட கல். ஐந்தாவதுக்கு "வந்து பார்" என்று ஒற்றை வரி வந்தது.

போனாள். பேராசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார். "கரண்ட் போனா மெஷின்ல எது மிஞ்சும்?"

"மெமரியில இருக்கறது போயிடும் சார். டிஸ்க்ல எழுதினது மிஞ்சும்."

"மூணு மாசம் இருந்து பாரு. அப்புறம் சொல்றேன்."

அன்றிலிருந்து லேபில் அவள் பேர் ட்ரயல். பேர் வைத்தவர் அங்கே ஆறாவது வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சீனியர். அவருக்குப் பட்டம் கிடைக்கிறதோ இல்லையோ, ஊரில் எல்லோருக்கும் பட்டப்பேர் கொடுத்துவிடுவார்.

அவளுக்குக் கொடுத்த வேலை சிமுலேட்டரை ஓட்டுவது. இன்னும் செய்யாத சிப்பை மென்பொருளுக்குள் நடத்திப் பார்க்கிற சமாச்சாரம் அது. நிஜச் சிப் ஒரு நிமிஷத்தில் முடிப்பதை வாரக்கணக்கில் அசைபோடும். அவள் தொடங்கிய ஓட்டம் பத்தொன்பது நாள் தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முடிய வேண்டும், செவ்வாய்க்கிழமை கட்டுரை அனுப்பக் கடைசி நாள். முடிவுகள் சரியாக வந்தால் இடம் அவளுக்குத்தான் என்று பேராசிரியரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை அப்பா ரிஜிஸ்டரோடு லேபுக்கு வந்தார். சீனியர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனி உலகத்தில் இருந்தார்.

"மேடம், சனிக்கிழமை காலையில ஆறுலேருந்து பத்து வரைக்கும் இந்த பில்டிங்ல கரண்ட் இருக்காது. மெயின் போர்டு மாத்தறோம், ஜெனரேட்டரும் வராது. ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டாள். லேபுக்கு ஒரு பக்கம் என்று கணக்கு. அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது முக்கியமா ஓடுதா? ஓடினா சொல்லும்மா. இந்த மாடிய மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொல்லி இன்ஜினியர்கிட்ட கேக்கறேன்."

அவளுக்குப் பகீரென்றது, கரண்டை நினைத்து அல்ல. சீனியர் திரும்பிப் பார்த்துவிட்டால்? ஃபியூஸுக்கும் ட்ரயலுக்கும் என்ன ரகசியம் என்று கேட்டுவிட்டால்? "ஒண்ணும் வேணாம். நான் பாத்துக்கறேன். நீங்க போங்க" என்றாள்.

பார்த்துக்கொள்ள வழியும் இருந்தது. ஓட்டத்தை நடுவில் நிறுத்தி, அதுவரை வந்த நிலையை அப்படியே சேமித்தால் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தானே சமாளித்துவிட்டுத் திங்கட்கிழமை நல்ல பேர் வாங்கலாம் என்று யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சேமிக்கப் போனால் டிஸ்க்கில் இடமில்லை. முழுக்க சீனியரின் பழைய குப்பை. மெமரியின் ஒரு பகுதியையே டிஸ்க் மாதிரி நடிக்க வைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. தற்காலிகமாக அதில் சேமித்து வைத்தாள். குப்பையைக் கழித்துவிட்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் சீனியர் கூப்பிட்டு, கட்டுரையின் வரைபடங்களுக்கு வண்ணம் மாற்றச் சொன்னார். மாலை வரை வண்ணம் மாற்றினாள். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது. சீப்பு கையிலேயே நின்றது. கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பத்தொன்பது நாளும் போயிருந்தன.

திங்கட்கிழமை பேராசிரியரின் அறையில் அப்பாவும் பராமரிப்பு இன்ஜினியரும் நின்றார்கள். பின்னால் சீனியர், அவருக்குப் பின்னால் அவள்.

"மூணு வாரத்து வேலை. சொல்லாம கொள்ளாம கரண்ட்ட நிறுத்தியிருக்கீங்க. லேப்ல யார்கிட்ட சொன்னீங்க?"

அவள் பதில் சொல்லியிருக்கலாம். என்கிட்டதான் சார் என்று இரண்டே வார்த்தைதான். வாயைத் திறக்கத்தான் செய்தாள்.

அப்பா சுவரில் வயர் போகிற பாதையைப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லல சார். இந்த மாடிய மறந்துட்டேன்."

இன்ஜினியர் ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். எல்லா லேபுக்கும் கையெழுத்து இருந்தது, இந்த லேபுக்குப் பக்கமே இல்லை. "இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லையேய்யா" என்றார். திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

அன்று வீட்டில் அப்பா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ரிஜிஸ்டர் தாளை எடுத்து அவள் கையில் வைத்தார். "கூப்பிட்டு விட்டப்பவே புரிஞ்சுது, எடுத்துட்டேன். கிழிச்சுப் போட்டுடு."

"நான் நாளைக்குப் போய் சொல்லிடறேன்பா."

"என்னன்னு சொல்லுவே? எனக்கு இன்னொரு இடத்துல ஸ்விட்ச் போர்டு கிடைக்கும். உனக்கு இன்னொரு லேப் கிடைக்குமா? வாயத் திறக்காத."

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவே மனசின் ஒரு மூலையில் அப்பாடா என்றும் இருந்தது. அதற்காகத்தான் அவளால் தன்னையே மன்னிக்க முடியவில்லை. மறுநாள் போய்ச் சொல்லவும் இல்லை.

கட்டுரை அந்த வருஷம் போகவில்லை. வெள்ளிக்கிழமை பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். "உன் தப்பு எதுவும் இல்ல. திங்கட்கிழமையிலேருந்து நீ லேப்ல ஒரு ஆள். அந்த எலக்ட்ரீஷியன வேலையிலேருந்து நிறுத்தியாச்சு, இன்னிக்குத்தான் கடைசி நாள்."

வெளியே வந்தாள். லேப் வாசலில் ஏணி போட்டிருந்தது. பல நாளாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த டியூப் லைட்டை அப்பா மாற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தியாகிவிட்டது, ஆனாலும் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுப் போகிற ஜாதி அவர். சீனியர் கதவில் சாய்ந்தபடி, "ட்ரயல், இனிமே உனக்கு வேற பேர் வைக்கணும்" என்றார்.

அவள் ஏணிக்குக் கீழே போய் நின்றாள். சீனியர் காதில் விழும் என்று தெரிந்தே, எல்லோர் காதிலும் விழட்டும் என்றே கூப்பிட்டாள். "அப்பா."

பழைய டியூபைக் கழற்றிய கை ஒரு கணம் நின்றது. அவர் குனிந்து அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"தள்ளி நில்லுங்க மேடம். தூசி விழும்."

அவள் தள்ளி நின்றாள்.