நடு பட்டன்

ரேடியோ செட்டுதான் என்னுடையது, குரல் மலர்விழியுடையது. சங்கராபுரத்தைச் சுற்றி எந்த ஊரில் காதுகுத்து, திருவிழா, துக்கம் என்றாலும் ஆட்டோவில் மைக் பிடிப்பவள் என் மனைவிதான். அவள் தொண்டையில் முடிச்சு ஒன்று வந்து, ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, திறந்தால் குரல் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம் அது. தனி ஒதுக்கீடு கேட்ட சங்கமும் வண்டி கேட்டது, பிரிக்கவே கூடாது என்ற சங்கமும் வண்டி கேட்டது. கூலிக்கு மாரடிக்கிறவனுக்கு எந்தப் பிணமானால் என்ன? இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே மலர் எல்லாக் கோஷங்களையும் பேசி லேப்டாப்பில் பதிவு செய்து வைத்தாள்.

கூட்டத்துக்கு நடுவில் லேப்டாப்பைத் துழாவ முடியாது. அதனால் நானே ஒரு பட்டன் பலகை செய்தேன். படம் வரைந்து வைத்துக்கொண்டு, சர்க்யூட் போர்டின் மேலே மூன்று மூன்றாக ஒன்பது பட்டன் செருகி, போர்டைக் கவிழ்த்து, படத்தைப் பார்த்துப் பார்த்து அடியில் ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மேல் வரிசையில் இடப்பக்கம் தனி ஒதுக்கீடு, வலப்பக்கம் பிரிக்காதே. நடுவில், இரண்டு சங்கத்துக்கும் பொதுவாக, ஆம்புலன்ஸுக்கு வழி கேட்பது.

நடு பட்டனை அமுக்கிப் பார்த்தேன். கணீரென்று பேசியது. ஓரத்துப் பட்டன்களைத் தொடவில்லை. கடைத்தெருவில் ஒரு சங்கத்தின் கோஷம் கேட்டால், மறு சங்கத்து ஆள் டீ கிளாஸோடு சண்டைக்கு வந்து நிற்பான். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டிருக்கலாம். அந்த அறிவு இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

மறியலன்று தனி ஒதுக்கீடு சங்கத்தார் சாலை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மலர் என் பக்கத்தில் இருந்தாள். இடது பட்டனை அமுக்கினேன்.

"பிரிக்காதே! பிரிக்காதே! ஒதுக்கீட்டைப் பிரிக்காதே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டன் மேல் எழுதி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடி அமுக்கினேன். மறுபடியும் பிரிக்காதே. வெயிலில் லேப்டாப்புக்குப் பித்துப் பிடித்ததா, எனக்கா என்று தெரியவில்லை.

அதற்குள் ஆட்டோவைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"இன்னாய்யா, அவுங்ககிட்ட காசு வாங்கிக்கினு வந்து கலாட்டா பண்றியா?" என்றார் துண்டு கட்டியிருந்த ஒருவர். இன்னொருவர் மலரிடம் குனிந்தார். "நீயே சொல்லும்மா, உன் குரலுதான இது? யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அவ பேசக் கூடாதுங்க. தொண்டைல ஆப்பரேசன்" என்றேன்.

"இப்பதான்யா பேசுனா! நாங்க அத்தினி பேரும் கேட்டோம்!"

ஆட்டோவை ஆட்ட ஆரம்பித்தார்கள். மலர் என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். மெல்ல வாயைத் திறந்தாள். எனக்கு உயிரே நின்றுவிட்டது. என்னை அடித்தாலும் பரவாயில்லை, பேசிவிடாதே தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். எட்டி நடு பட்டனை அமுக்கினாள்.

"அண்ணே, ஆம்புலன்ஸ் வருது! தயவு செஞ்சி வழி விடுங்க!"

கை ஓங்கியவர் ஓங்கிய கையாலேயே பக்கத்து ஆளை ஒதுக்கினார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். நடுச்சாலை திறந்தது. எல்லாரும் ஆம்புலன்ஸ் எங்கே என்று பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஆட்டோவை விரட்டினேன்.

ஊர் தாண்டி, கரும்புத் தோட்டத்தருகே நிறுத்தினேன். மலர் பலகையை வாங்கினாள். இடது பட்டனில் விரல் வைத்து, பலகையை அப்படியே கவிழ்த்துக் காட்டினாள். விரல் வலப்பக்கம் வந்து நின்றது.

மேலிருந்து பார்த்து வரைந்த படத்தை வைத்துக்கொண்டு, கவிழ்த்த போர்டின் அடியிலும் அப்படியே பற்றவைத்திருக்கிறேன். இடம் வலமாகிவிட்டது, நடு மட்டும் நடுவிலேயே நின்றிருக்கிறது. அவள் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சத்தம் வந்துவிடுமோ என்று அதற்கும் பயந்தேன்.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். "இப்ப பேசிப் பாருங்கம்மா" என்றார்.

மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"முண்டம்" என்றாள்.

கணீரென்று இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.